என்ஜிஓ: அரசு சாராததா, அரசு அல்லாததா?

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு நோட்டீஸ் அனுப்பி, "மச்சி, இதுல தமிழ் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுடா"ன்னான். அவங்க நாலஞ்சு பேரு சேந்து சோலார், மரம், தண்ணின்னு வேலை பாக்குற ஒரு சின்ன அமைப்பு ஆரம்பிச்சிருக்காங்க. மேல பெருசா "சுத்த சக்திக்கான தன்னார்வத் தொண்டு நிறுவனம்"னு போட்டிருந்தாங்க. அத பாத்துட்டு முதல்ல போன் பண்ணவரே "யோகா கிளாஸ் எத்தன மணிக்கு"ன்னு கேட்டாராம். சிரிச்சு முடிச்சதும்தான் உறைச்சுது, அந்த அஞ்சு வார்த்தையில ஒண்ணுகூட சரியான எடத்துல உக்காரலன்னு.

என்ஜிஓல இருந்து ஆரம்பிக்கலாம். விரிச்சா "நான் கவர்ன்மென்டல் ஆர்கனைசேஷன்". இந்தப் பேரு பரவலானது 1945ல, ஐநா சாசனத்தோட 71வது பிரிவுலதான். பொருளாதார சமூக மன்றம் தனக்கு வேண்டிய விஷயத்துல அரசாங்கமா இல்லாத அமைப்புகளையும் கூப்ட்டு ஆலோசிக்கலாம்னு அதுல இருக்கு. அங்க உக்காந்திருந்தவங்க எல்லாருமே அரசாங்கங்களோட ஆளுங்க, அதனால வெளிய இருந்து வர்றவங்கள "எங்கள மாதிரி இல்லாதவங்க"ன்னு கூப்பிடுறது அவங்களுக்கு வசதி. அதாவது இந்த அமைப்பு என்ன செய்யுதுன்னு இந்தப் பேரு சொல்லவே சொல்லாது, என்னவா இல்லன்னு மட்டும்தான் சொல்லும். வேலை மட்டும் பேருக்கு முன்னாடியே இருந்துச்சு. 1892லயே அமெரிக்காவுல இயற்கையப் பாதுகாக்குற சியரா கிளப் ஆரம்பிச்சாச்சு, ஆனா அப்ப அவங்கள யாரும் என்ஜிஓன்னு கூப்பிடல.

இத தமிழ்ல "அரசு சாரா அமைப்பு"ன்னு எழுதுறோம். கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா "சாரா"வ கொஞ்சம் நின்னு பாருங்க. சார்னா ஒண்ணு மேல சாயுறது, ஒண்ண அண்டி நிக்கிறது. சார்பு, சார்ந்து, மதச்சார்பு எல்லாம் இதே வேர். "சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்"னு வள்ளுவர் சொல்றதும் இதே சார்புதான். அப்போ அரசு சாரான்னா அரசு மேல சாயாத, அரச நம்பி நிக்காதன்னு அர்த்தம் ஆகுது. இங்கிலீஷ்ல உள்ள "நான்" (non) அவ்ளோ தூரம் போகல, அது வெறும் "அல்லாத". ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அரசாங்கத்துகிட்ட மானியம் வாங்கி வேலை பாக்குற அமைப்புகள் உலகம் பூரா நிறைய இருக்கு, அதெல்லாம் அரசு அல்லாததுதான், ஆனா அரசு சாராததுன்னு சத்தியம் பண்ண முடியாது. இன்னொரு பக்கம் சூழலுக்காகப் போராடுற கிரீன்பீஸ். 1971ல வான்கூவர்ல இருந்து சின்னதா ஒரு மீன்பிடி படகுல கெளம்பி, அலாஸ்கா பக்கம் அம்சிட்கா தீவுல நடக்க இருந்த அணுகுண்டு சோதனைய எதிர்க்கப் போனவங்க. அவங்க அரசாங்கத்துகிட்டயும் பணம் வாங்க மாட்டாங்க, கம்பெனிங்ககிட்டயும் வாங்க மாட்டாங்க. "சாரா"ங்கிற வார்த்தை அவங்களுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கும். ஐயுசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்த எடுத்தா இன்னும் கூத்து, 1948ல ஆரம்பிச்சது, அழிஞ்சு வர்ற உயிரினங்களோட சிவப்புப் பட்டியல் போடுறவங்க, அதுல நாடுகளும் மெம்பர், என்ஜிஓக்களும் மெம்பர். அத சாரான்னு சொல்றதா அல்லாதன்னு சொல்றதா?

அதனால பொதுவா சொல்லணும்னா "அரசு அல்லாத அமைப்பு"தான் சரின்னு என் கணக்கு. "அரசு சாரா"வ நிஜமாவே சாயாதவங்களுக்கு வச்சுக்கலாம். நான் சொல்லி மாறப்போறதில்ல, ஆனா வித்தியாசம் தெரிஞ்சுட்டு எழுதலாம்ல.

அப்புறம் "தன்னார்வத் தொண்டு நிறுவனம்". தன்னார்வம்னா தன் + ஆர்வம், யாரும் புடிச்சுத் தள்ளாம தானா வர்றது. வாலன்டியருக்கு அது பொருந்தும். மாசச் சம்பளத்துக்கு இன்ஜினியரும் வக்கீலும் வேலை பாக்குற அமைப்புக்கு எப்படிப் பொருந்தும்? அடுத்து தொண்டு. தொண்டுன்னா முதல்ல அடிமை வேலை, அப்புறம் கடவுளுக்குச் செய்ற பணி, அதுக்கப்புறம்தான் இன்னிக்கு நாம சொல்ற பொதுச்சேவை. பழைய தமிழ்ல தொண்டுன்னா ஒன்பதுன்னும் அர்த்தம் உண்டு, பரிபாடல்ல எட்டுக்கு அப்புறம் தொண்டுன்னுதான் எண்ணிட்டுப் போவாங்க, தொண்ணூறுல இன்னும் அதோட வாசம் அடிக்குது பாருங்க (இதுக்கும் நம்ம விஷயத்துக்கும் சம்பந்தம் இல்ல, சொல்லாம இருக்க முடியல). தொண்டுன்னு சொன்னதும் குடுக்குறவங்க ஒரு பக்கம், வாங்குறவங்க ஒரு பக்கம்னு ஒரு படம் மனசுல வந்துரும். ஆனா அனல்மின் நிலையப் புகைய எதிர்த்துக் கேஸ் போடுறது தொண்டா? இல்ல, அது உரிமைக்கு நிக்கிறது. கடைசியா நிறுவனம். நிறுவப்பட்டது எதுவும் நிறுவனம்தான், தப்பில்ல, ஆனா இன்னிக்கு அந்தச் சொல்லக் கேட்டா காதுல "கம்பெனி"ன்னுதான் விழுது. அமைப்புன்னா யாரும் அப்படி நெனைக்க மாட்டாங்க.

கழகம்னு வைக்கலாமான்னு அவன் கேட்டான். வைக்கலாம், இப்ப அது மரியாதையான சொல்லுதான். ஆனா திருக்குறள்ல "கவறும் கழகமும் கையும்"னு வர்ற எடத்துல கழகம்னா சூதாடுற எடம்னு சொன்னேன், அதோட அந்தப் பேச்ச விட்டுட்டான்.

எல்லாத்தையும் என்ஜிஓங்கிற ஒரே சாக்குல போட்டுக் கட்டுறதும் ஒரு பிரச்சனை. ஜெர்மனில ஷோனாவ்னு ஒரு சின்ன ஊரு. 1986ல செர்னோபில் அணு உலை வெடிச்சப்புறம் அங்க பிள்ளைகளப் பெத்தவங்க சிலர் சேந்து அணுமின்சாரம் வேணாம்னு பேச ஆரம்பிச்சு, அது வளந்து வளந்து 1997ல ஊரோட மின்கம்பிக் கட்டமைப்பையே அவங்க கைக்குக் கொண்டு வந்துட்டாங்க. டென்மார்க்ல கோபன்ஹேகன் கடலுக்குள்ள 2000ல நட்ட மிடில்குருண்டன் காத்தாடிங்க மொத்தம் 20, அதுல பாதி பொதுஜனம் பங்கு வாங்கிச் சேந்த கூட்டுறவுக்குச் சொந்தம். இவங்க தொண்டும் செய்யல, தானமும் வாங்கல, தங்களுக்கு வேணுங்கிற கரண்ட்ட தாங்களே பாத்துக்கிட்டாங்க. இதுக்குத் தமிழ்ல "கூட்டுறவு"ன்னு அருமையான சொல் இருக்கு, கூட்டு + உறவு, லாபத்த மட்டும் பங்கு போடாம உறவையும் உள்ள வச்சுத் தச்சிருக்காங்க. இருக்குற சொல்ல விட்டுட்டு கம்யூனிட்டி எனர்ஜி ஆர்கனைசேஷனுக்குத் தமிழ் என்னன்னு எதுக்குத் தேடணும்?

இப்ப சக்திக்கு வருவோம், யோகா கிளாஸ் ஆனதே அதனாலதான். சக்தின்னா நமக்கு அம்மன் முதல்ல ஞாபகம் வருவா, அதுக்கு முன்னாடி "சுத்த"வும் சேந்தா கேக்கவே வேணாம். எரிசக்தின்னு போடலாம், பேப்பர்லாம் அப்படித்தான் எழுதுது, ஆனா அதுல "எரி" இருக்கு. நிலக்கரி எரியுது, டீசல் எரியுது, காத்தாடி சுத்துறதுல எதுங்க எரியுது? எதையும் எரிக்காம கரண்ட் எடுப்போம்னு கெளம்புன ஆளுங்க பேர்லயே எரிய வைக்கிறது எனக்கு ஒத்துக்கல.

ஆற்றல்தான் சரி. பாடப்புத்தகத்துல இருக்குங்கிறதுக்காக மட்டும் சொல்லல. எனர்ஜிங்கிறது கிரேக்கத்துல "எனெர்கேயா", உள்ள "எர்கோன்"னு ஒரு சொல் இருக்கு, அதுக்கு வேலைன்னு அர்த்தம். அரிஸ்டாட்டில் செயல்பாட்டுல இருக்குற நிலைக்கு அந்தச் சொல்லப் புழங்குனாரு, இயற்பியல் அர்த்தத்துல அத 1807ல அச்சேத்துனவர் தாமஸ் யங். இதுல வேடிக்கை என்னன்னா ஆர்கனைசேஷன்ல உள்ள "ஆர்கனோன்" அதாவது கருவிங்கிற சொல்லும் அதே எர்கோன் வேர்தான், ஆக எனர்ஜியும் ஆர்கனைசேஷனும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. சரி தமிழ்ல? ஆற்றுன்னா செய். பணியாற்று, உரையாற்று, தொண்டாற்று. அதுல இருந்து வந்ததுதான் ஆற்றல், வேலை செய்யுற திறன். ஒட்டும் உறவும் இல்லாத ரெண்டு மொழி, வேலைங்கிற ஒரே எடத்துல இருந்து அந்தச் சொல்ல எடுத்திருக்கு! போதாததுக்கு தமிழ்ல ஆத்துறதுன்னா தணிக்கிறதும்தான், கோவத்த ஆத்துவோம், புண்ண ஆத்துவோம், "ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்"னு ஒரே குறள்ல ரெண்டு அர்த்தமும் வந்து நிக்குது. சூடாயிட்டிருக்குற பூமிய ஆத்தணும்னு வர்ற அமைப்புக்கு இத விட என்ன சொல் வேணும்?

சுத்தத்துக்கு தூய போதும், தூய ஆற்றல். பசுமை ஆற்றல், புதுப்பிக்கத்தக்க ஆற்றல்னு மாத்தி மாத்திப் போடுறாங்க, மூணும் ஒண்ணு கிடையாது. விறகு திரும்ப வளரும், அதனால புதுப்பிக்கத்தக்கது, ஆனா அடுப்புல வச்சா புகை கண்ணக் கரிக்கும், தூயதுன்னு எப்படிச் சொல்றது. அணுமின்சாரத்துல கார்பன் ரொம்பக் கம்மி, ஆனா யுரேனியம் எடுக்க எடுக்கத் தீந்துரும். பசுமைங்கிறது அதிகமா விளம்பரக்காரங்க சொல்லு, அத அவங்ககிட்டயே விட்டுரலாம்.

மரம், தண்ணி வேலையும் இருக்குறதால பேர்ல சுற்றுச்சூழலும் வரணும். ஆனா சுற்றுச்சூழல்ல சுற்றும் சூழலும் ஏறக்குறைய ஒரே பொருள்தான், சூழல்னாலே போதும். சூழ்ங்கிற வேருக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு, ஆராஞ்சு பாக்குறது. "அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்"னு குறள். அழியுறது எவ்ளோ, ஆகுறது எவ்ளோ, பின்னாடி வர்ற லாபம் எவ்ளோன்னு பாத்துட்டு செய்ன்னு சொல்லுது. அணை கட்டவோ சுரங்கம் தோண்டவோ முன்னாடி சூழல் தாக்க மதிப்பீடுன்னு கட்டுக் கட்டா எழுதுற ரிப்போர்ட்ல இருக்க வேண்டியது இதே மூணு கேள்விதான்.

இது யாரோட அமைப்புன்னும் பேர்ல தெரியணுமே, அதனால கம்யூனிட்டிக்கு சமூகம், சமுதாயம், குமுகாயம்னு மூணையும் எழுதி அனுப்புனேன், அவன் மூணையும் அடிச்சுட்டு மக்கள்னு போட்டான். சரின்னு விட்டுட்டேன். இப்ப நோட்டீஸ்ல "தூய ஆற்றலுக்கும் சூழலுக்குமான மக்கள் அமைப்பு"ன்னு இருக்கு. நேத்து மறுபடி ஒருத்தர் போன் பண்ணாராம், இந்தத் தடவ கேட்டது மாடியில பேனல் மாட்டுனா நிழல் விழுமான்னு.