2 வாட்டுக்கு ஆசைப்பட்டு

இலங்கையின் ஹட்டன் பக்கம் ஒரு மலையுச்சியில், ரேடியோ சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர், தென்மேற்குப் பருவமழையின் நடுவில் நின்றுபோனது. மூடுபனிக்குள் ஏறிப் போய்ப் பார்த்தால் 25 வாட் டிரான்ஸ்மிட்டரின் கடைசி டிரான்சிஸ்டர் கருகிக் கிடக்கிறது. அன்டெனா கனெக்டருக்குள் தண்ணீர்; அப்படியானால் அனுப்பும் சக்தியில் ஒரு பகுதி அன்டெனாவுக்குப் போகாமல் டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பி வரும். அதை மறிக்க இடையில் இருக்க வேண்டிய ஒருவழிப் பெட்டியான ஐசோலேட்டரைக் காணோம். எனக்கு முன்னால் அங்கே போய் வந்த தம்பியிடம் கேட்டேன்.

"அண்ணே, அது 2 வாட்டைச் சாப்பிடுது. கழற்றினதும் மீட்டர் ஏறிச்சு."

அவன் சொன்னது உண்மைதான். நல்ல ஐசோலேட்டரும் போகும் வழியில் 0.4 டெசிபல் அளவு எடுத்துக்கொள்ளும். 25 வாட் 23 வாட்டுக்குச் சற்றுக் கீழே வரும். ஆனால் திரும்பி வரும் வழியில் 20 டெசிபல் மறிக்கும். 10 வாட் திரும்பி வந்தால் டிரான்ஸ்மிட்டரைத் தொடுவது 0.1 வாட் மட்டுமே. அன்டெனாவும் கேபிளும் இந்த வேலையைச் செய்யாது. எந்தப் பக்கம் நன்றாக அனுப்புகிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து வருவதையும் அன்டெனா அதே அளவு நன்றாக வாங்கிக்கொள்ளும்.

ஐசோலேட்டருக்குள் ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான் வில்லையும் நிலைக் காந்தமும் இருக்கின்றன. ரவுண்டபவுட்டில் வாகனங்கள் ஒரே பக்கமாகச் சுற்றுவது போல, முதல் வாயிலில் நுழைந்தது இரண்டாவதில் வெளியேறும். இரண்டாவதில் திரும்பி வந்தது மூன்றாவதில் உள்ள டம்மி லோடு என்ற மின்தடைக்குப் போய்ச் சூடாகக் கரையும். காந்தத்தைப் புரட்டிப் போட்டால் சுற்றும் திசையும் புரளும். 1845இல் ஃபாரடே கண்ணாடியில் பார்த்ததும் இந்த இனந்தான்: காந்தப்புலத்தில் ஒளியின் அதிர்வுத்தளம் திரும்பியது. அதே ஒளியைத் திருப்பி அனுப்பினால் அந்தத் திருப்பம் அழியாது, இரட்டிப்பாகும்.

டிரான்சிஸ்டர் கருகியதைக்கூட விட்டுவிடலாம், மாற்றிவிட்டால் முடிந்தது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மலையுச்சியில் இடம் கொஞ்சம், ஒரே கோபுரத்தில் நாலைந்து அன்டெனா. நாம் 150 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறோம், பக்கத்து ஆள் 150.5இல் அனுப்புகிறார் என்று வையுங்கள். ஐசோலேட்டர் இல்லாமல் அவருடையது நம் அன்டெனா வழியாக இறங்கி நம் டிரான்ஸ்மிட்டருக்குள் கலந்தால் 149.5இல் ஒரு கள்ளக் குரல் பிறக்கும். அந்த அலைவரிசைக்காரர் இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் மாதக்கணக்கில் தேடுவார். நம் மீட்டரோ எல்லாம் சரி என்று காட்டும்.

மேலே ஏறுகிற தம்பிமாருக்கு: பெட்டியிலுள்ள அம்புக்குறி அன்டெனாவைப் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் சக்தி முழுக்க டம்மி லோடுக்கே போகும், கைவைத்தால் சுடும். காந்த அடி உள்ள விளக்கையோ டூல் தட்டையோ அதன்மேல் வைக்காதீர்கள். அப்புறம், டம்மி லோடு முழுச் சக்தியையும் தாங்க வேண்டும். 25 வாட் செட்டுக்கு 5 வாட் லோடு மாட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கேபிள் அறுந்த அன்றைக்கு அதுதான் முதலில் போகும்.

அந்த ரிப்பீட்டருக்குப் புது ஐசோலேட்டர் மாட்டி, அம்புக்குறிமேல் சிவப்புப் பெயிண்ட் தடவிவிட்டு இறங்கினோம். மீட்டர் 23 வாட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. தம்பி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.