பிள்ளை வரையும்போது உங்கள் கை எங்கே இருக்கிறது?

நாலு வயதுப் பிள்ளை ஒரு வட்டம் போடுகிறது. அதற்குள் இரண்டு புள்ளி, ஒரு கோடு. வட்டத்தின் அடியிலிருந்தே இரண்டு கால் நீளமாக இறங்குகிறது. "இது அம்மா." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் கை பரபரக்கிறது. "கழுத்து எங்கடா தங்கம்? வயிறு எங்க? குடு, அம்மா போட்டுக் காட்டறேன்." பென்சில் கை மாறுகிறது. கழுத்து, சட்டை, பொத்தான், அஞ்சு விரல் எல்லாம் வந்துவிடுகின்றன. அடுத்த தாளை எடுத்ததும் பிள்ளை அதை அம்மா பக்கம் தள்ளி, "நீயே போட்டுக் குடு" என்கிறது.

"முன்னெல்லாம் எந்நேரமும் வரைஞ்சுக்கிட்டே இருப்பான், இப்ப பென்சிலைத் தொடவே மாட்டேங்கறான்" என்று பெற்றோர் சொல்லும்போது, பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால் பல வீடுகளில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. அன்போடு நீண்ட கைதான். ஆனாலும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்த சேதி, 'நீ போட்டது சரியில்லை' என்பது. அந்தக் கையை எப்போது மடியில் வைத்திருக்க வேண்டும், எப்போது நீட்டலாம் என்று பார்ப்போம்.

முதலில், அந்த வட்டத்தில் பிழை எதுவும் இல்லை. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை கிறுக்கல். அப்போது முழங்கையும் தோளும்தான் வரைகின்றன, விரல்கள் இல்லை. மூன்று, நாலு வயதில் தலையிலிருந்தே கால் முளைக்கும் இந்தத் தலைப்பிரட்டை மனிதன் வருவான். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் அநேகமாக இவனைத் தாண்டித்தான் போகும். ஐந்து, ஆறு வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும், எல்லாம் அதன்மேல் நிற்கும். வீட்டைவிடப் பாட்டி பெரிதாக இருப்பார், ஏனென்றால் பாட்டிதான் முக்கியம். பானைக்குள் இருக்கும் சோறும் அம்மா வயிற்றுக்குள் இருக்கும் பாப்பாவும் வெளியே தெரியும். பிள்ளை கண்ணால் பார்த்ததை வரையவில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. கழுத்து தானாக வரும். நாம் முன்கூட்டி ஒட்டவைத்தால், தான் கண்டுபிடித்திருக்க வேண்டிய கழுத்தை அது மனப்பாடம் செய்துகொள்ளும்.

அப்படி மனப்பாடமான படம் ஒன்று நம் ஊரில் எல்லோர் கையிலும் இருக்கிறது. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, குடிசை, ஒரு தென்னை, வானத்தில் டிக் அடித்தது போல நாலு பறவை. திருவொற்றியூரில் ஐந்தாவது மாடியில் வளரும் பிள்ளையும் இதையே போடுகிறது. அதன் ஜன்னலுக்கு வெளியே மின்கம்பம் இருக்கிறது, தண்ணீர் லாரி நிற்கிறது, வரிசையாக நீலமும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் இருக்கின்றன. அவை எதுவும் படத்துக்குள் வருவதில்லை. 'படம்' என்றால் மலைதான் என்று யாரோ ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தாயிற்று.

இனி வீட்டில் இடம். 'இடம் கொடுங்கள்' என்பதை நாங்கள் சொல்லுக்குச் சொல்லாகவே சொல்கிறோம். தரையில் நாலடிக்கு ஆறடி போதும். பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பி வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்தால் தண்ணீர் கீழே இறங்காது. டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் நாலு மூலையையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வாடகை வீடு, சுவரில் கிறுக்கினால் ஓனர் திட்டுவார் என்றால், முழு சார்ட் பேப்பரைப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். வெள்ளையடித்த சுவரில் எந்த டேப்பும் நிற்காது. அங்கே கொடி கட்டித் துணிக் கிளிப்பில் தொங்கவிடுவதுதான் வழி. கிரேயான் கறை பட்டுவிட்டால், எமல்ஷன் அடித்த சுவரில் பாத்திரம் கழுவும் சோப்பும் ஸ்பாஞ்சும் போட்டு மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். டிஸ்டம்பர் சுவரில் தேய்த்தால் கறையோடு பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும்.

பொருள்களில் பெற்றோர் அதிகம் தவறுவது விலையில். 120 கலர் பெட்டியை வாங்கி, "பத்திரமா வெச்சுக்கோ, வேஸ்ட் பண்ணாத" என்று கொடுத்தால் பிள்ளைக்கு அதைத் தொடவே பயம். 12 கிரேயான், இரண்டு 2பி பென்சில், ஒருபக்கம் அச்சான தாள் ஒரு கட்டு, இது போதும். ஹெச்பி பென்சில் சின்னக் கைக்குக் கொஞ்சம் கெட்டி. அழுத்தினால்தான் கறுப்பு விழும், கை சீக்கிரம் வலிக்கும். ஐந்து வயதுக்கு மேல் போஸ்டர் கலர் கொடுக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் எல்லாக் கலரையும் திறந்து வைக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒரே தட்டில் கலந்தால் சேற்று நிறம்தான் வரும், பிள்ளை வெறுத்துப்போகும். முதல் வாரம் மஞ்சளும் நீலமும் வெள்ளையும் மட்டும் கொடுங்கள். எத்தனை பச்சை வருகிறது என்று அதுவே பார்க்கட்டும். அடுத்த வாரம் நீலத்தை எடுத்துவிட்டுச் சிவப்பை வையுங்கள்.

சாதாரண ஏ4 தாளின் கனம் 70, 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). ஈரம் பட்டால் நெளியும், இரண்டாவது முறை பிரஷ் போட்டால் நார்நாராகப் பிய்யும். "இவனுக்குப் பெயின்டிங் வரல" என்று சொல்லும் முன் தாளைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறைய பிடிக்கும் வேலைக்கு 200 ஜிஎஸ்எம் வேண்டும். பெரிய தாள் ஒன்று வாங்கி நாலாக வெட்டிக்கொள்ளலாம். 6, 12 நம்பரில் உருண்டை பிரஷ் ஒவ்வொன்று. பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரிலேயே நிறுத்தி வைத்தால் முடி வளைந்துவிடும், தகரக் குழாய்க்குள் இருக்கும் பசை ஊறித் தலை கழன்று வரும். கழுவிப் படுக்க வைக்கச் சொல்லிக்கொடுங்கள். வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட்டை மட்டும் கொடுக்கவே வேண்டாம். பழைய டப்பாக்களில் ஈயம் இருக்கலாம், கழுவத் தின்னரும் தேவைப்படும்.

நேரம் இதைவிடக் கடினம். ஐந்தரைக்கு டியூஷன், ஆறரைக்கு இந்தி, சனிக்கிழமை அபாகஸ், ஞாயிறு கராத்தே என்றால் நடுவில் கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் எதுவும் முளைக்காது. வாரத்தில் இரண்டு மாலைகளைக் காலியாக விடுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது முக்கால் மணி நேரம். முதல் கால் மணி நேரம் "போர் அடிக்குது" என்று சுற்றிச் சுற்றி வரும். அந்தக் கால் மணி நேரத்தில் போனைக் கையில் கொடுத்துவிட்டால் அன்றைய மாலை முடிந்தது. பொறுத்திருந்தால் கை எதையாவது எடுக்கும். அது பென்சிலாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அட்டைப்பெட்டியும் சைக்கிள் டியூப்பும் எடுத்தால் அதுதான் அந்தப் பிள்ளையின் வழி.

அடுத்தது வாய். "என்னது இது?" என்ற கேள்வி, எதுவோ ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்று பிள்ளையை நெருக்குகிறது. "சூப்பர்! அருமை!" என்பதும் உதவாது. ஒவ்வொரு இரண்டு கோட்டுக்கும் தாளைத் தூக்கிக் காட்டும் பழக்கம் அதிலிருந்துதான் வருகிறது. கண் தாளைவிட்டு நம் முகத்துக்கு வந்துவிடும். கண்ணில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்: "இந்த மூலையில நீலத்தை ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கே." பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதுவே சொல்லும், இல்லையென்றால் வேலையைத் தொடரும்.

பரிசு பற்றி ஒரு பழைய ஆய்வைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் செய்து 1973-இல் வெளியிட்டது. தாமாகவே விரும்பி ஸ்கெட்ச் பேனாவில் வரையும் மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம், 'வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும்' என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் சொல்லாத நேரத்தில் யார் எவ்வளவு வரைகிறார்கள் என்று பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழு மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் செலவிட்டது. எதிர்பாராமல் கிடைத்த சான்றிதழ் கெடுதல் செய்யவில்லை. பேரம்தான் கெடுத்தது. நம் ஊர் ஓவியப் போட்டிகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. 'மழைநீர் சேகரிப்பு', 'மரம் வளர்ப்போம்' என்று தலைப்பு வந்ததும் யூடியூபில் ஒரு படம் தேடி, பத்து நாள் அதையே போட வைத்து, கோப்பையோடு வீட்டுக்கு வரும் பிள்ளை பதினோராவது நாள் பென்சிலை எடுப்பதில்லை. பிள்ளையே ஆசைப்பட்டால் போட்டிக்குப் போகட்டும். என்ன வரைவது என்பதை அதனிடமே விட்டுவிடுங்கள்.

கோலத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி அஞ்சு புள்ளி வைத்துப் பழகும் சிறுமிக்கு யாரும் மார்க் போடுவதில்லை. இழை தப்பினால் உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கிறாள். மறுநாள் காலையில் பெருக்கியாயிற்று. எத்தனையோ தலைமுறையாகக் கைத்திறன் இப்படித்தான் வந்திருக்கிறது.

கை நீட்ட வேண்டிய காலமும் ஒன்று உண்டு. ஒன்பது, பத்து வயதில் பிள்ளை தன் படத்தையே வெறுக்க ஆரம்பிக்கும். "நிஜமாட்டம் வரலை" என்று கசக்கி எறியும், பக்கத்து பெஞ்சுப் பிள்ளையோடு ஒப்பிடும். கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் எட்டவில்லை. நிறைய பேர் வரைவதை நிரந்தரமாக விடுவது இந்த வயதில்தான். அப்போது "நல்லாத்தானே இருக்கு" என்றால் நம்பாது. அதற்குத் தேவை நுட்பம்.

ஓர் எவர்சில்வர் டம்ளர் போதும். ஜன்னலோரம், ஒரே பக்கம் வெளிச்சம் படும்படி ஸ்டூலில் வையுங்கள். பிள்ளை வரைந்தால் பெரும்பாலும் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போடும். டம்ளர் வாய் வட்டம் என்பதும், அது தட்டையான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் அதற்குத் தெரியுமே. திருத்தாதீர்கள். டம்ளரைக் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாய்விளிம்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். மெதுவாக இறக்கினால் கோடு நடுவில் பிளந்து, மெல்லிய நீள்வட்டமாகி, இறக்க இறக்க அகலும். அப்படியானால் வாயைவிடக் கீழே இருக்கும் அடிப்பகுதி? வாயைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாக வளைந்திருக்க வேண்டும். இதைப் பிள்ளை தன் கண்ணால் கண்டுபிடிக்கும்போது முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் வரைந்து காட்டியே ஆக வேண்டுமென்றால் தனித்தாளில் காட்டுங்கள். அதன் தாளில் உங்கள் கோடு ஒன்றுகூட விழக்கூடாது.

வகுப்பில் சேர்ப்பதும் இந்த வயதில் போதும். சேர்க்கும் முன் ஒரு நாள் போய்ச் சுவரைப் பாருங்கள். பதினைந்து தாளிலும் ஒரே கிளி, ஒரே கிளை என்றால் அது நகலெடுக்கும் வகுப்பு. ஆசிரியர் பிள்ளையின் தாளிலேயே திருத்துகிறாரா என்றும் கவனியுங்கள்.

"பிள்ளை கறுப்பிலேயே வரையுது, மனசுல ஏதாவது இருக்குமோ?" என்று பெற்றோர் அடிக்கடி பதற்றத்தோடு கேட்கிறார்கள். ஒரு படத்தை மட்டும் வைத்துப் பிள்ளையின் மனதைப் படிக்க முடியாது. கறுப்பு கிரேயான் நன்றாக விழும், சில சமயம் பெட்டியில் அது மட்டும்தான் முறியாமல் இருக்கும். எப்போதும் வரையும் பிள்ளை திடீரென நிறுத்தி, கூடவே தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது எல்லாம் மாறினால், அல்லது உடம்பில் யாரோ தொடுவதையோ அடிப்பதையோ பயத்தோடு திரும்பத் திரும்ப வரைந்தால், மிரட்டிக் கேட்காமல் குழந்தை மனநல ஆலோசகரைப் பாருங்கள். ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும். நோட்டு முழுக்க அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) முகங்கள், கண் மட்டும் பாதி முகத்துக்கு. "காப்பி அடிக்கிறான்" என்று குறைபட வேண்டாம். இந்த வயதில் நகலெடுப்பது அது தானே தேர்ந்துகொண்ட பயிற்சி. அந்த நோட்டைக் கேட்காமல் திறக்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதானாலும் முதலில் கேளுங்கள். சித்தப்பா போடும் ஒரு சிரிப்பு எமோஜிக்காக நோட்டையே கிழித்துப் போடும் வயது இது.

பத்தாவது வந்ததும் "இதெல்லாம் சோறு போடுமா? மூட்டை கட்டி வை" என்று தாத்தா பாட்டி வரை எல்லோரும் சொல்வார்கள். நாளைக்கு இருபது நிமிடம் வரைவதால் மதிப்பெண் போய்விடாது. உண்மையிலேயே இதில் போக நினைக்கும் பிள்ளைக்கு வழியும் இருக்கிறது. சென்னை எழும்பூரில் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி, கும்பகோணத்தில் இன்னொன்று, சிற்பத்துக்கு மாமல்லபுரம். பிளஸ் டூ முடித்தபின் நாலு ஆண்டுப் பட்டப் படிப்பு. போகலாமா வேண்டாமா என்பதை வீட்டில் தீர்மானிக்கும் முன், ஒரு விடுமுறை நாளில் பிள்ளையோடு போய் அங்கே படிப்பவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள்.

சேர்ந்துபோன படங்களைத் தட்டையாகக் கோப்பில் வையுங்கள், சுருட்டினால் போஸ்டர் கலர் வெடித்து உதிரும். கிரேயான் படங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள். மே மாதச் சூட்டில் மெழுகு இளகி ஒன்றோடொன்று ஒட்டும். தேதியும் வயதும் பின்பக்கம், பென்சிலில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எதை வைத்துக்கொள்ளலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். நீங்கள் ஆசைப்பட்டு எடுத்து வைத்த படத்தை அது தூக்கிப் போடச் சொல்லலாம். போட்டுவிடுங்கள்.