பள்ளி வேன் திரையில் அசையாமல் நின்றால்

கேரள மோட்டார் வாகனத் துறை 2023-இல் 'வித்யா வாகன்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் ஏறிய வேன் இப்போது எங்கே வருகிறது என்று பெற்றோர் அதில் பார்க்கலாம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நல்ல வசதிதான். ஆனால் எல்லையோரம் வந்ததும் திரையில் வேன் அப்படியே நின்றுவிட்டால் பெற்றவர்களுக்கு வயிறு கலங்கும். பல நேரம் அந்தக் கலக்கத்துக்குத் தேவையே இல்லை.

வேனில் இருக்கும் கருவிக்கு இரண்டு வேலை. முதல் வேலை, தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சரியான நேரத்தை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அலை வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தவறிவிடும். கருவியின் சாதாரணக் கடிகாரத்தால் அந்தத் துல்லியத்தைத் தர முடியாது. அதனால்தான் இடத்தைச் சொல்ல மூன்று செயற்கைக்கோள்களும், கடிகாரத்தைத் திருத்த நான்காவதும் வேண்டும். இதற்குச் செல்போன் டவரே தேவையில்லை.

டவர் தேவைப்படுவது இரண்டாவது வேலைக்கு. கண்டுபிடித்த இடத்தைச் சிம் கார்டு வழியாக அனுப்ப வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் வெவ்வேறு தொலைத்தொடர்பு வட்டங்கள், அதாவது செல்போன் சேவைக்காகப் பிரித்த பகுதிகள். எல்லையில் சிம் ஒரு வட்டத்தின் சிக்னலை விட்டு இன்னொரு வட்டத்தின் சிக்னலைப் பிடிக்கும் இடைவெளியில் தகவல் போகாது. வேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கருவி இடங்களைத் தனக்குள் சேமித்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அப்புறம் திரையில் வேன் சட்டென்று தாவி முன்னால் வரும். ஆக, நின்ற புள்ளிக்குக் 'கடைசியாகத் தெரிந்த இடம்' என்றுதான் பொருள். வேன் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் கடைசித் தகவல் வந்த நேரம் இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

இந்தச் சின்ன விளக்கத்தைப் பள்ளிகள் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இலேயே எழுதினார்: ஆபத்தை மக்கள் எடைபோடும்போது அதன் கொடூரமும், அது எப்படி வருகிறது என்று தெரியாத நிலையும்தான் பயத்தைப் பெரிதாக்குகின்றன. பிள்ளை விஷயத்தில் முதலாவது எப்போதும் இருக்கும். இரண்டாவதையாவது குறைக்கலாமே.

அதே பயம் இன்னொரு பக்கமும் இழுக்கும். பாதுகாப்பு என்று சொன்னாலே எதற்கும் தலையாட்டிவிடுகிறோம். சுவீடனின் ஷெலெப்டியோ நகரில் ஒரு பள்ளி, 22 மாணவர்களின் வருகையை முகத்தை ஸ்கேன் செய்து பதிந்து பார்த்தது. பெற்றோர் சம்மதம் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் 2019-இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனா அபராதம் விதித்தது. பள்ளியின் கையில் அதிகாரம் இருக்கும்போது அந்தச் சம்மதம் சுதந்திரமானது இல்லை என்பது ஆணையத்தின் வாதம். வேனின் இடம் பயணம் முடிந்ததும் பழசாகிவிடும். முகத்தை மாற்ற முடியாது. அடுத்த பெற்றோர்-ஆசிரியர் சங்கக் (பிடிஏ) கூட்டத்தில் எதற்குக் கையெழுத்துக் கேட்டாலும், பதிவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழிப்பார்கள், வேண்டாம் என்றால் பிள்ளைக்கு வேறு வழி உண்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.