‘ரெண்டு கிடக்குதுதானே!’

இந்த மாரி தொடங்கியபின் இது மூன்றாவது அழைப்பு. குடாநாட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் நள்ளிரவு கடந்து எல்லா மோட்டர்களும் ஒரேயடியாக நின்றுவிட்டன. போய்ப் பார்த்தபோது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இரண்டு பி.எல்.சி.களும், அதாவது இயந்திரங்களை நடத்தும் கணினிகள் இரண்டும், அருகருகே இருண்டுபோய் இருந்தன. ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கவேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு. இரண்டுக்குமான மின்சாரம் ஒரே பிரேக்கரில் இருந்து எடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரேக்கரின் முனையோ உப்புக் காற்றில் பச்சை பூத்து, வயரைத் தொட்டதும் கையோடு வந்தது. “ரெண்டு கிடக்குதுதானே தம்பி, பிறகேன் நிண்டது?” என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

அந்தக் ‘கிடக்குது’ என்ற சொல்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. வான் வண்டியின் பின்னால் கிடக்கும் மேலதிகச் சில்லைப் போல, இரண்டாவது பி.எல்.சி.யில் உள்ள மாற்றுச் செயலியும் தேவைப்படும் நாள்வரை தூங்கலாம் என்று எண்ணுகிறார்கள். அது கிடப்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. சீமென்ஸ் எஸ்7-400எச் போன்ற அமைப்பில் இரண்டு செயலிகளும் ஒரே நிரலை ஒருங்கே இயக்கி, ஒளியிழை வடங்களினூடாக ஒன்றையொன்று ஒத்திசைத்துக்கொள்கின்றன. அதனால்தான் முதன்மைச் செயலி விழும்போது, எந்த வால்வு திறந்திருந்தது, எந்த டைமரில் எத்தனை செக்கன் மீதமிருந்தது என்பதை அறிந்த மற்றச் செயலி, விட்ட இடத்தில் இருந்தே தொடர்கிறது. ஒத்திசைவு அறுந்திருந்தால் பொறுப்பேற்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அதை அறிவிக்கவே சிவப்பு விளக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். சென்ற முறை ஓரிடத்தில் அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. இரவுப் பணியாளருக்குக் கண் கூசியதாம்!

நிரலில் பிழை இருந்தால் இரண்டாவது செயலி காப்பாற்றும் என்றும் நம்பவேண்டாம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ரொக்கெற் ஏவப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் அழிந்தது. அதன் திசையறி அமைப்பில் இரண்டு கணினிகள், இரண்டிலும் ஒரே மென்பொருள். 16 பிற்றுக்குள் அடங்காத எண்ணொன்று வந்தபோது முதன்மைக் கணினி நின்றது. மாற்றுக் கணினியோ, அதே காரணத்தால், அதற்கு முந்தைய 72 மில்லிசெக்கன் சுற்றிலேயே நின்றிருந்தது. உணரி தரும் பிழையான அளவையும் இரண்டு செயலிகளும் ஒருசேர நம்பத்தான் செய்யும்.

ஆகவே, ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பிரேக்கரும் முடிந்தால் தனி யூ.பி.எஸ்.உம் கொடுங்கள். இரண்டு ஒளியிழை வடங்களையும் ஒரே குழாய்க்குள் திணிக்காதீர்கள். எலி கடித்தால் இரண்டையும் சேர்த்தே கடிக்கும். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அன்றே அழையுங்கள். தயவுசெய்து ஆண்டுக்கொரு முறையேனும், மாரிக்கு முன்னர், ஆட்கள் நிற்கும் பகற்பொழுதில் முதன்மைச் செயலியை வேண்டுமென்றே நிறுத்தி, மற்றது ஏற்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் தொழிற்சாலையில் இரண்டாவது பிரேக்கரைப் பொருத்திவிட்டோம். நிறுத்திப் பார்ப்பதற்கு மட்டும் இன்னும் நாள் தரவில்லை.