வீடு மாறினால் ஓட்டு போய்விடும்: அமெரிக்காவில் மாநிலம் அல்லாத இடங்களின் கதை

சிகாகோவில் வாழும் ஓர் அமெரிக்கக் குடிமகன் வேலைக்காகப் பாரிசுக்குக் குடிபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஓட்டு எங்கும் போகாது. வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கென்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அதன்படி, கடைசியாகக் குடியிருந்த இல்லினாய்ஸ் மாநிலத்தின் வாக்காளராகவே அதிபர் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் தபாலில் ஓட்டுப் போடலாம். அதே ஆள் பாரிசுக்குப் பதிலாகப் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குப் போனால்? அது அமெரிக்க மண். புழங்குவது டாலர், பறப்பது அமெரிக்கக் கொடி. ஆனால் ஓட்டு போய்விடும்.

காரணம் அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. கீழவையான பிரதிநிதிகள் சபையை "மாநிலங்களின் மக்கள்" தேர்ந்தெடுப்பார்கள் என்கிறது அது. செனட்டிலும் மாநிலத்துக்கு இருவர். இரண்டு சபைகளும் சேர்ந்ததுதான் காங்கிரஸ். (நம் ஊர்க் கட்சி ஞாபகம் வந்து குழப்பும் என்பதால் இங்கே நாடாளுமன்றம் என்றே எழுதுகிறேன்.) ஆக, நீங்கள் குடிமகனா என்பது மட்டும் போதாது, மாநிலம் என்று பெயர் வாங்கிய நிலத்தில் குடியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

அந்தப் பெயர் வாங்காமல் மக்கள் வாழும் இடங்கள் ஆறு. தலைநகர் வாஷிங்டன் அடங்கிய கொலம்பியா மாவட்டம், அதாவது டி.சி.; போர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க வர்ஜின் தீவுகள், அமெரிக்க சமோவா, வட மரியானா தீவுகள். 2020 கணக்கெடுப்பில் போர்ட்டோ ரிக்கோவில் மட்டும் சுமார் 33 லட்சம் பேர். டி.சி.யில் 6,89,545. வயோமிங் மாநிலத்தின் மக்கள்தொகையே 5,76,851தான். அங்கிருந்து இரண்டு செனட்டர்களும் ஒரு கீழவை உறுப்பினரும் போகிறார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். யூனியன் பிரதேசம்தான், ஆனாலும் மக்களவைக்கு ஒருவர், மாநிலங்களவைக்கு ஒருவர், இருவருக்கும் முழு வாக்கு.

அமெரிக்காவின் இந்த ஆறு இடங்களிலிருந்தும் செனட்டுக்கு யாரும் இல்லை. கீழவைக்கு ஆளுக்கொரு 'டெலிகேட்' போகலாம். போர்ட்டோ ரிக்கோவின் பிரதிநிதிக்கு மட்டும் 'ரெசிடென்ட் கமிஷனர்' என்று பெயர், பதவிக்காலமும் மற்றவர்களைப் போல 2 ஆண்டு அல்ல, 4 ஆண்டு. இவர்கள் மசோதா கொண்டுவரலாம், அவையில் பேசலாம், நிலைக்குழுக்களில் ஓட்டும் போடலாம். ஆனால் அவையில் மசோதா இறுதி வாக்கெடுப்புக்கு வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1787இல் வடமேற்குப் பிரதேசத்துக்குப் போட்ட சட்டத்திலேயே, பிரதிநிதி விவாதிக்கலாம், வாக்களிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அப்போது அது தற்காலிக ஏற்பாடு. மக்கள் பெருகியதும் அந்தப் பகுதிகள் மாநிலங்களாகிவிட்டன. கடைசியாக அப்படி ஆனவை அலாஸ்காவும் ஹவாயும், 1959இல். அதற்குப் பிறகு கதவு திறக்கவில்லை.

நடுவில் ஒரு விநோத ஏற்பாடு வந்தது. கீழவை சில நேரம் முழு அவையையும் ஒரு குழுவாக மாற்றிக்கொண்டு மசோதாவின் திருத்தங்களை விவாதிக்கும். அந்தக் குழுவில் மட்டும் டெலிகேட்டுகள் ஓட்டுப் போடலாம் என்று 1993இல் ஜனநாயகக் கட்சி விதி செய்தது. 1995இல் குடியரசுக் கட்சி அதை எடுத்தது. 2007இல் திரும்ப வந்தது, 2011இல் போனது, 2019இல் மறுபடி வந்தது. அதிலும் ஒரு கொக்கி உண்டு: டெலிகேட்டுகளின் ஓட்டால்தான் முடிவு மாறுகிறது என்றால், அவர்களை விட்டுவிட்டு உடனே மறுவாக்கெடுப்பு நடக்கும். முடிவை மாற்றாத வரை உன் ஓட்டு செல்லும் என்பதற்கு ஓட்டு என்று பேர் வைத்தது கொஞ்சம் துணிச்சல்தான். இந்தக் கொக்கி இருந்ததால்தான் 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதியைச் செல்லும் என்றது.

"சரி, இவர்கள் வரி கட்டுவதில்லையே" என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். பாதிதான் உண்மை. போர்ட்டோ ரிக்கோவில் வாழ்பவர்கள் அங்கேயே சம்பாதிக்கும் பணத்துக்குப் பொதுவாகக் கூட்டாட்சி வருமான வரி கட்டுவதில்லை. ஆனால் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியையும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கான வரியையும் கட்டுகிறார்கள். ஓட்டில்லாததன் விலை வேறு இடத்தில் தெரியும். ஏழை முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வாஷிங்டன் தரும் ஓர் உதவித்தொகை போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிடையாது. நியூயார்க்கில் அதைப் பெற்றுவந்த ஒருவர் அந்தத் தீவுக்குக் குடிபோனார். பணம் வந்துகொண்டே இருந்தது. பிறகு அரசு விழித்துக்கொண்டு 28,000 டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் 8க்கு 1 என்ற கணக்கில், நாடாளுமன்றம் இப்படி வேறுபடுத்தலாம் என்று தீர்ப்பானது. அந்த விதியை மாற்றக்கூடிய நாடாளுமன்றத்தில் அவருக்காக ஓட்டுப் போட ஆளில்லை.

அமெரிக்க சமோவாவின் நிலை இன்னும் தனி. அங்கே பிறப்பவர்கள் பொதுவாகக் குடிமக்களே அல்ல, 'தேசத்தவர்' மட்டும்தான். குடியுரிமை கேட்டு நடந்த வழக்கை அந்தத் தீவின் அரசே எதிர்த்தது. குலவழி நில உரிமைக்கும் மரபுக்கும் ஆபத்து வரும் என்பது அவர்கள் அச்சம்.

டி.சி.க்கு வருவோம். வருமான வரியை அங்குள்ளவர்கள் முழுதாகக் கட்டுகிறார்கள். 2000 முதல் அங்கே தரும் வாகன எண் பலகைகளில் "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி" என்ற சொற்கள் அச்சாகின்றன. பிரிட்டனுக்கு எதிராக அமெரிக்கர்கள் எழுப்பிய அதே முழக்கம். 1783இல் சம்பளப் பாக்கி கேட்டு வந்த படைவீரர்கள் பிலடெல்பியாவில் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தார்கள்; பென்சில்வேனியா அரசு படையை அனுப்பவில்லை. எந்த மாநிலத்தின் தயவிலும் தலைநகர் இருக்கக் கூடாது என்ற எண்ணம் வலுத்தது அங்கிருந்துதான். மேரிலாந்தும் வர்ஜீனியாவும் நிலம் கொடுத்தன. 1801இல் அது முழுக்க நாடாளுமன்றத்தின் ஆளுகைக்குள் போனதும், அங்கிருந்தவர்களின் ஓட்டும் போனது.

அப்புறம் வந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். 1961இல் அரசியல் சாசனத்தின் 23ஆவது திருத்தத்தால், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் 3 வாக்குகள், 1970இல் டெலிகேட் பதவி, 1973இல் சொந்தமாக மேயரும் மாநகர மன்றமும். மன்றம் போடும் சட்டத்தை நாடாளுமன்றம் இன்றும் ரத்து செய்யலாம். 2023இல் குற்றவியல் சட்டத் திருத்தத்தை அப்படித்தான் ரத்து செய்தது. முழுப் பிரதிநிதித்துவம் தரும் அரசியல் சாசனத் திருத்தம் 1978இல் இரு சபைகளையும் தாண்டியது. 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டிய இடத்தில் 16தான் ஒப்பின.

மாநிலமாக்கும் மசோதா 2020இலும் 2021இலும் கீழவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. டி.சி. வாக்காளர்கள் பத்தில் ஒன்பது பேர் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறார்கள். இரண்டு செனட் இடங்களை எதிர்க்கட்சிக்குத் தூக்கிக் கொடுக்கக் குடியரசுக் கட்சிக்கு மனம் வராது. எதிர்ப்பவர்கள் எல்லாரையும் அரசியல் என்று தள்ளிவிடவும் முடியாது. மசோதாப்படி வெள்ளை மாளிகை, நாடாளுமன்றக் கட்டடம், உச்ச நீதிமன்றம், அவற்றையொட்டிய அரசு அலுவலகங்கள், நினைவுச் சின்னங்கள் மட்டும் கூட்டாட்சி மாவட்டமாக மிஞ்சும். 23ஆவது திருத்தத்தை நீக்காவிட்டால் அந்த 3 வாக்குகளும் அங்கே குடியிருக்கும் ஒரு சிலர் கையில், கிட்டத்தட்ட அதிபர் குடும்பத்தின் கையில் வந்துவிடும். திருத்தத்தை விரைந்து நீக்க மசோதாவிலேயே வழி வைத்திருந்தார்கள், ஆனாலும் நீக்க மாநிலங்கள் ஒப்ப வேண்டும்.

குடியரசுக் கட்சியினர் பலர் சொல்லும் மாற்று, நிலத்தை மேரிலாந்துக்கே திருப்பிக் கொடுப்பது. மேரிலாந்து கேட்கவில்லை, டி.சி. மக்களும் விரும்பவில்லை, 2016 வாக்கெடுப்பில் 85 சதவீதத்துக்கு மேல் மாநில அந்தஸ்தையே கேட்டார்கள். ஆனால் இந்த வழிக்கு முன்னுதாரணம் உண்டு. பொட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்த பகுதியை 1846இல் சட்டம் போட்டு வர்ஜீனியாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று ஆர்லிங்டன் என்று சொல்வது அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வாஷிங்டனில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் வாடகைக்கு வீடு தேடும் அதே ஆர்லிங்டன். அங்கே குடியிருக்கும் குடிமகனுக்கு இரண்டு செனட்டர்கள், வாக்குள்ள ஒரு கீழவை உறுப்பினர். பாலத்தைத் தாண்டி டி.சி.க்கு வீடு மாறினால் மூவரும் இல்லை.