கேமிங் கணினிக்கு எத்தனை வாற்று போதும்?

வெள்ளவத்தையில் வசிக்கும் என் அக்காவின் மகன் சென்ற ஆண்டு தன் கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். விளையாட்டுத் தொடங்கிப் பத்து நிமிடம் வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. பெரிய வெடிப்பு ஒன்று திரையில் தோன்றிய கணத்தில், நீலத் திரையோ பிழைச் செய்தியோ இல்லாமல், கணினி ஒரேயடியாக அணைந்தது. கார்ட் பழுது என்று நினைத்து அதை வாங்கிய கடைக்கே கொண்டுபோனான். அங்கே அது குறையின்றி வேலை செய்தது. வீட்டுக்கு வந்து பொருத்தியதும் மீண்டும் அணைந்தது. அவன் கணக்குப் பார்க்காமல் வாங்கியவனும் அல்லன். கார்டுக்கு 320 வாற்று, புரொசசர் உச்ச வேலையில் இழுக்கும் 142 வாற்று, தாய்ப்பலகை, நினைவகம், விசிறிகள் எல்லாவற்றுக்குமாக 60 வாற்று என்று கூட்டினால் 522 வாற்று வருகிறது. சுவர் மின்சாரத்தைக் கணினிப் பாகங்களுக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுக்கும் கருவிதான் வலு வழங்கி (power supply). அவனிடம் இருந்த வலு வழங்கியின் பெட்டியில் 550 வாற்று என்று எழுதியிருந்தது.

கூட்டல் சரியாக இருந்தும் கணினி அணைந்ததற்குக் காரணம், அந்தக் கூட்டலில் நேரம் சேர்க்கப்படவில்லை என்பதுதான். வலு வழங்கியின் தரம் அது சராசரியாக எவ்வளவு கொடுக்கிறது என்பதில் மட்டும் இல்லை. ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்குக்குள் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதிலும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அந்த உலோகப் பெட்டியின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். அது செக்கனுக்கு 50 முறை சுழல்வதால், 100 முறை பூச்சியத்தைக் கடக்கிறது. அதன் உச்சப் பெறுமானம் ஏறத்தாழ 325 வோல்ற்று. வலு வழங்கி முதலில் அதைச் சீராக்கி, இன்றைய நல்ல அமைப்புகளில் 380 முதல் 400 வோல்ற்று வரையான நேரோட்டமாக உயர்த்தி, போத்தல் மூடியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கொள்ளளவியில் சேர்த்து வைக்கிறது. பிறகு அதைச் செக்கனுக்குப் பல பத்தாயிரம் முறைக்கு மேல் வெட்டி வெட்டி ஒரு சிறிய நிலைமாற்றிக்குள் அனுப்பி, 12 வோல்ற்றாகத் தாழ்த்துகிறது. வெட்டும் மீடிறன் அவ்வளவு உயர்ந்திருப்பதனால்தான் நிலைமாற்றி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. 50 ஏர்ற்சிலேயே இந்த வேலையைச் செய்வதானால் பல கிலோகிராம் இரும்பு வேண்டியிருக்கும்.

அந்தப் பெரிய கொள்ளளவிதான் என் கண்ணில் இந்தக் கருவியின் இதயம். 390 மைக்ரோபரட் கொள்ளளவியை 380 வோல்ற்றுக்கு ஏற்றினால் அதில் ஏறத்தாழ 28 யூல் சக்தி தங்கும். மின்சாரம் நின்றதும் கணினி இந்தச் சேமிப்பிலிருந்து உண்ணத் தொடங்குகிறது. வோல்ற்றளவு 300 வரை இறங்கும்வரை பயன்படுத்தலாம் என்று கொண்டால் கையில் கிடைப்பது 10.6 யூல். 500 வாற்று வேலைக்கு, உள்ளிழப்பையும் சேர்த்து, 555 வாற்று அளவில் இழுக்கும்போது அது 19 மில்லி செக்கனுக்குப் போதும். அதாவது மின்சாரத்தின் ஒரு முழுச் சுழற்சிக்குச் சற்றுக் குறைவு. கணினித் தாய்ப்பலகைக்கும் வலு வழங்கிக்கும் 1995இல் இன்டெல் வகுத்த ஏரிஎக்ஸ் (ATX) நியமத்தின் வழிகாட்டிகள் இந்தத் தாங்கு நேரம் ஏறத்தாழ 16 அல்லது 17 மில்லி செக்கன் இருக்க வேண்டும் என்று கேட்டுவந்திருக்கின்றன. மலிவான பெட்டிகளில் முதலில் மெலிவது இந்தக் கொள்ளளவிதான்.

கொழும்பில் வசிப்போருக்கு இது பாடப்புத்தகக் கணக்கு அன்று. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் யுபிஎஸ் வாங்காத கணினிக்காரர் குறைவு. வீடுகளில் காணப்படும் சாதாரண யுபிஎஸ் மின்சாரம் நின்றதைக் கண்டு மின்கலத்துக்கு மாற 4 முதல் 10 மில்லி செக்கன் வரை எடுக்கும். அந்த இடைவெளியைக் கடக்க வைப்பது கணினிக்குள் இருக்கும் கொள்ளளவியே. பல ஆண்டு பழகிய வலு வழங்கியில் கொள்ளளவி காய்ந்து பாதியாகிவிட்டால், யுபிஎஸ் சரியாக மாறினாலும் கணினி மறுபடி தொடங்கும். பாவம், பழி யுபிஎஸ்ஸில் விழும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 650 விஏ (வோல்ற்று-அம்பியர்) என்று விற்கப்படும் யுபிஎஸ் உண்மையில் கொடுப்பது பெரும்பாலும் 360 முதல் 390 வாற்றுதான். மேற்சொன்ன 522 வாற்றுக் கணினியை விளையாட்டின் நடுவே அது தூக்காது.

இனி மருமகனின் வெடிப்புக் காட்சிக்கு வருவோம். கிராபிக்ஸ் சில்லில் ஆயிரக்கணக்கான கோடித் திரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. இலேசான காட்சியில் அவற்றின் பெரும் பகுதி ஓய்ந்திருக்கும்; காட்சி சட்டென்று கனத்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும். கார்ட் தன் 320 வாற்று எல்லையைக் கவனித்துக் கட்டுப்படுத்துவது உண்மைதான், ஆனால் அந்தக் கட்டுப்பாடு செயற்படச் சிறிது நேரம் வேண்டும். அதற்குள், ஒரு மில்லி செக்கனுக்கும் குறைந்த பொழுதுக்கு, இழுவை எழுதப்பட்ட அளவின் இரு மடங்கை நெருங்கலாம். வலு வழங்கியிலுள்ள மிகையோட்டப் பாதுகாப்பு அந்தத் துள்ளலைக் குறுஞ்சுற்று என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்ளும். கணினி செத்ததுபோல நின்றது ஒரு பழுதால் அன்று. காவல் தன் கடமையைச் செய்ததால். கடையில் குறை தெரியாமல் போனதற்கும் காரணம், அங்கே சோதித்த கணினியில் பெரிய வலு வழங்கி இருந்ததே.

2022இல் வெளிவந்த ஏரிஎக்ஸ் 3.0 நியமம் இந்தத் துள்ளலை நேரடியாகக் கணக்கில் எடுத்தது. புதிய 16 ஊசி இணைப்பியுடன் வரும், 450 வாற்றுக்கு மேற்பட்ட வலு வழங்கிகள், தம் அளவின் 200 சதவீதத்தை 100 மைக்ரோ செக்கனுக்குத் தாங்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஆகவே இன்று வாங்குபவர் 3.0 அல்லது 3.1 என்ற குறிப்பைத் தேடுவது நல்லது. பழைய நியமத்தில் அமைந்த பெட்டியானால் சராசரித் தேவைக்கு மேல் 40 சதவீதமளவு இடம் விட்டு வாங்குவதே என் வழக்கம். 522 வாற்றுக்கு அது 750 வாற்றாகிறது.

பெட்டியின் முன்பக்கத்து எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ கடையில் நிற்கும்போது வலு வழங்கியைத் திருப்பி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் இன்று உண்பது 12 வோல்ற்றுத் தடத்திலிருந்து, அதாவது வலு வழங்கியின் 12 வோல்ற்று வெளியீட்டிலிருந்துதான். அங்கே 18 அம்பியர் என்று இருந்தால், வெளியே 500 என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும், பயன்படக்கூடியது 216 வாற்றுத்தான். எஞ்சியது யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத 5, 3.3 வோல்ற்றுத் தடங்களின் கூட்டல். நேர்மையான 750 வாற்றுப் பெட்டியில் அந்த இடத்தில் 62 அம்பியருக்குக் குறையாமல் காணலாம்.

அம்பியரைப் பற்றிப் பேசும்போது இணைப்பிகளைத் தாண்டிப் போக முடியாது. 2000 வாற்றுக் கேத்தல் ஒன்று 230 வோல்ற்றில் 9 அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. 600 வாற்றுக் கிராபிக்ஸ் கார்டோ, 12 வோல்ற்றில் இயங்குவதால், 50 அம்பியர் இழுக்கும். நம் சுவரிலுள்ள 13 அம்பியர் செருகியின் எல்லையைப்போல அது ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த ஓட்டம், 16 ஊசி இணைப்பியில் 12 வோல்ற்றைக் கொண்டுவரும் ஆறு ஊசிகளில் சமமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 8.3 அம்பியர். இணைப்பி முழுதாக உட்காராமல் சில ஊசிகள் தொட்டும் தொடாமலும் இருந்தால் மற்றவை சுமையை ஏற்கும். ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். 2022 அக்டோபரில் ஆர்ரிஎக்ஸ் 4090 கார்டுகளில் இணைப்பிகள் உருகியதாக வந்த செய்திகளுக்குப் பின்னால் இந்த எளிய பௌதிகம்தான் இருந்தது. அடுத்த ஆண்டு ஊசிகளின் நீளத்தை மாற்றிய திருத்தம் வந்தது. பழைய 8 ஊசி இணைப்பி 150 வாற்றுக்கு வகுக்கப்பட்டது; இரண்டு இணைப்பி கேட்கும் கார்டுக்கு, ஒரே கம்பியில் கிளைத்த இரண்டு தலைகளைச் செருகாமல், இரண்டு தனிக் கம்பிகளைக் கொடுங்கள்.

புவித்தொடுப்பு இன்னொரு விடயம். வலு வழங்கியின் நுழைவிலுள்ள வடிகட்டி சிறிதளவு ஓட்டத்தைப் புவிக்கம்பி வழியே எப்போதும் கசிய விடும். இரண்டு ஊசி மாற்றியில் செருகினால் அந்த ஓட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. கணினிப் பெட்டியில் கை வைக்கும்போது சுரீர் என்று உணர்வது அதனால்தான். மூன்று ஊசி உள்ள, புவிக்கம்பி உண்மையில் புவியோடு சேர்ந்த செருகியில் மட்டுமே இணைக்க வேண்டும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பின்னேர இடி முழங்கத் தொடங்கினால் செருகியைக் கழற்றி விடுவதே சிறந்த காப்பு.

வினைத்திறன் முத்திரைகளுக்கு அளவோடு மதிப்புக் கொடுக்கலாம். 400 வாற்று வேலைக்கு 90 சதவீத வினைத்திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 444 வாற்றும், 80 சதவீதமுள்ளது 500 வாற்றும் இழுக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 7 அலகு வித்தியாசம். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவதால் அவை விலை கூடிய அலகுகளாகவே சேரும். அதைவிட முக்கியம், வீணான அந்த 56 வாற்றும் பெட்டிக்குள்ளேயே வெப்பமாவது. இந்த முத்திரைகளைத் தரும் 80 பிளஸ் சோதனை ஏறத்தாழ 23 பாகை செல்சியஸில் நடப்பது. விசிறி மட்டுமுள்ள கொழும்பு அறை அதற்குப் பல பாகை மேலே. அந்தப் பெரிய கொள்ளளவி போன்ற மின்பகு கொள்ளளவியின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை குறைவுக்கும் இரட்டிக்கும் என்பது பொது விதி. எனவே 50 பாகையிலும் முழு வலுவைக் கொடுக்கும் என்று உறுதி தரும் பெட்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் நட்டமில்லை.

மற்றப் பாகங்களில் பொருத்தம் பார்த்தால் போதும். டிடிஆர் 4 தாய்ப்பலகையில் டிடிஆர் 5 நினைவகம் ஏறாது. புரொசசரின் பெட்டியில் 105 வாற்று என்றிருந்தாலும் ரைசன் 7 5800எக்ஸ் 142 வாற்று வரை இழுக்க அனுமதிக்கப்பட்டது; கணக்குக்கு இரண்டாவது எண்ணையே எடுக்க வேண்டும். கார்டின் நீளத்தை வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள்.

மருமகன் 750 வாற்று வலு வழங்கி வாங்கி வந்த அன்று, பழைய கம்பிகள் ஏற்கனவே அழகாகக் கட்டப்பட்டிருந்ததால் அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றப் போனான். நல்ல வேளையாக நான் பக்கத்தில் இருந்தேன். கார்டுப் பக்கத்து ஊசி ஒழுங்கு நியமத்துக்கு உட்பட்டது, ஆனால் கழற்றக்கூடிய கம்பிகளின் வலு வழங்கிப் பக்கத்து ஒழுங்கை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வகுக்கிறார்கள். செருகி பொருந்தும்; 12 வோல்ற்று, புவிக்கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பாயும்; வன்தட்டும் தாய்ப்பலகையும் ஒரு நொடியில் எரியும். பழைய கம்பிகளை எல்லாம் கழற்றிப் பழைய பெட்டியோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டு, புதியவற்றை ஒவ்வொன்றாக இழுத்தோம். அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அன்றிரவு அதே வெடிப்புக் காட்சியைப் பல முறை ஓட்டினான், கணினி அணையவில்லை.