கட்டத்துக்கு வெளியே இருப்பதை யார் வரைவது?

தன் காமிக்ஸ் நாயகன் டின்டினைச் சந்திரனுக்கு அனுப்பும் கதையை பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1950-இல் வெளியிடத் தொடங்கினார். அதில் வரும் சிவப்பு, வெள்ளைச் சதுரங்கள் போட்ட ராக்கெட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் வடிவத்துக்கு முன்மாதிரி, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பயன்படுத்திய வி-2 ஏவுகணை. சதுரங்களும் அங்கிருந்து வந்தவைதான். சோதனைக்கு ஏவிய வி-2-களின் உடலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பூசியிருந்தார்கள். ஏவும்போது எடுத்த படச்சுருளைப் பார்த்து, ஏவுகணை தன்னைத்தானே எவ்வளவு சுற்றிக்கொண்டது என்று கணக்கிட அது உதவியது. எர்ஜே அந்தக் கறுப்பைச் சிவப்பாக்கிக்கொண்டார். கூடவே இன்னொரு வேலையும் செய்தார். ராக்கெட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி உள்ளே பார்க்கும்படி ஒரு மாதிரியைச் செய்ய வைத்தார். உதவியாளர்கள் பின்னணியை வரையும்போது, பாத்திரங்கள் எந்தத் தளத்தில் நிற்கிறார்கள், ஏணி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக.

இரண்டு ஆல்பம், அதாவது இரண்டு புத்தகக் காமிக்ஸுக்கே இத்தனை மெனக்கெட வேண்டியிருந்தது. அறிவியல் புனைவுக் காமிக்ஸ் திரைப்படமாகும்போது இந்த வேலை பல மடங்காகிறது. அதைச் செய்பவர்களைத்தான் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் என்கிறோம்.

காமிக்ஸின் ஒவ்வொரு கட்டமும் ஒரே கோணத்தில் நிற்பது. ஒரு கவசம் முதுகுப்பக்கம் எப்படி மூடுகிறது, அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியுமா என்றெல்லாம் ஓவியர் சொல்லத் தேவையில்லை. கோடு போடாமல் விட்ட இடத்தை வாசகர் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார். படத்தில் அந்த வசதி கிடையாது. நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன, கேமரா பாத்திரத்தைச் சுற்றி வருகிறது, நடிகர் குனிகிறார், விழுகிறார், வியர்க்கிறார். காமிக்ஸ் விட்டுவைத்த அத்தனையையும் யாராவது வரைந்தே ஆகவேண்டும். கான்செப்ட் ஆர்ட் என்றதும் பளபளக்கும் பெரிய ஓவியங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், அதன் உயிர் இந்த விடுபட்ட இடங்களில்தான் இருக்கிறது.

வேலை பெரும்பாலும் மிகச் சிறிய படங்களில் தொடங்கும். தீப்பெட்டி அளவில், விவரம் எதுவும் இல்லாமல், வெறும் கறுப்பு வடிவங்களாக நிறைய வரைவார்கள். இதற்குப் பின்னால் பார்வை பற்றிய அறிவியல் இருக்கிறது. ஃபிலிப் ஷின்ஸ், ஓட் ஒலிவா என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு காட்சியின் மங்கலான வடிவத்தையும் இன்னொரு காட்சியின் நுணுக்கமான விளிம்புகளையும் ஒரே படத்தில் கலந்து காட்டினார்கள். 30 மில்லிநொடி மட்டும் காட்டியபோது பார்த்தவர்கள் மங்கல் வடிவத்தையே பெரும்பாலும் பிடித்துக்கொண்டார்கள். 150 மில்லிநொடி கொடுத்தபோது நுணுக்கம் மேலோங்கியது. மூளை முதலில் பெரிய உருவத்தைப் பிடித்துக்கொண்டு, விவரத்துக்குப் பிறகு வருகிறது. வேகமாக வெட்டப்படும் சண்டைக் காட்சியில் ஒரு பாத்திரம் யார் என்று தெரிய வேண்டுமானால், அதன் வெளிக்கோடு மட்டுமே அதைச் சொல்லிவிட வேண்டும். நல்ல காமிக்ஸ் ஓவியருக்கு இது கைவந்த கலை. படமாக்கும்போது அதைக் கெடுக்காமல் இருப்பதே பாதி வெற்றி.

வெளிக்கோடு எங்கிருந்து வருகிறது? அழகுணர்ச்சியிலிருந்து மட்டும் என்று சொல்ல முடியாது. போயிங் நிறுவனத்தில் தொழில்நுட்ப ஓவியராக இருந்த ரால்ஃப் மெக்குவாரி, 1975-இல் ஸ்டார் வார்ஸ் படத்துக்காக வரையத் தொடங்கினார். அப்போதிருந்த திரைக்கதையில் வில்லன் டார்த் வேடர் ஒரு விண்கலத்திலிருந்து இன்னொன்றுக்கு வெற்றுவெளி வழியாகப் போக வேண்டியிருந்தது. அங்கே மூச்சு எப்படி விடுவார் என்ற கேள்விக்கு மெக்குவாரி கொடுத்த பதில்தான் அந்த முகமூடி. ஒரு காட்சியின் நடைமுறைச் சிக்கலுக்கு வந்த தீர்வு பாத்திரத்தின் முகமாகவே ஆகிவிட்டது. அந்த மூச்சுச் சத்தம் இல்லாமல் வேடரை நினைக்க முடியுமா?

அடுத்தது அளவு. இரண்டு கிலோமீட்டர் நீள விண்கலம் திரையில் இரண்டு கிலோமீட்டராகத் தெரிய வேண்டும். பூமியில் தூரத்தைக் காட்டக் காற்றே உதவுகிறது. தொலைவு கூடக்கூட ஒளி சிதறி, கறுப்புகள் வெளிறி, மலைகள் நீலம் பாய்ந்து தெரியும். அதனால்தான் எதிர்கால நகரங்களின் ஓவியங்களில் எப்போதும் புகையும் மூடுபனியும் இருக்கின்றன. அடுக்கடுக்காக வெளிறிப்போகும் கட்டடங்களைப் பார்த்ததும், இது பெரிய நகரம் என்று கண் தானாகவே முடிவு செய்துவிடுகிறது.

விண்வெளியில் காற்று இல்லை. இந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்பதை அப்போலோ 14 காட்டியது. 1971 பிப்ரவரியில் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் சந்திரனில் கோன் என்ற பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். மூடுபனி இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. எது பக்கம், எது தூரம் என்று தெரியவில்லை. விளிம்பைக் காணாமலே திரும்பினார்கள். அதிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் தூரம் வரை போய்விட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. பயிற்சி பெற்ற விண்வெளி வீரர்களின் கண்களுக்கே இந்த நிலை என்றால், திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

இதற்குக் கலைஞர்கள் கண்ட வழி, மேற்பரப்பில் சிறுசிறு விவரங்களைக் கொட்டுவது. குழாய்கள், பெட்டிகள், தகடுகள், துளைகள். கிரீபிள் என்று துறையில் சொல்வார்கள். ஸ்டார் வார்ஸ் மாதிரிகளைச் செய்தவர்கள் கடையில் விற்கும் டாங்கி, விமான, கப்பல் பிளாஸ்டிக் கிட்களை வாங்கிப் பிரித்து, அந்தத் துண்டுகளை விண்கலங்களின் மேல் ஒட்டினார்கள். ஒரு பொருளில் எவ்வளவு நுண்ணிய விவரம் தெரிகிறதோ, அவ்வளவு பெரியது அது என்று கண் கணக்குப் போடுகிறது. ஆனால் விவரத்தை எல்லா இடத்திலும் சமமாகத் தூவினால் வேலை நடக்காது. கண் இளைப்பாறச் சும்மா கிடக்கும் பரப்பும் வேண்டும். அண்மைக்காலப் படங்கள் பலவற்றில் நான் சலிப்படைவது இங்கேதான். கணினியில் விவரம் சேர்ப்பது எளிதாகிவிட்டதால் எங்கும் நிரப்பிவிடுகிறார்கள், கடைசியில் எதுவுமே பெரிதாகத் தெரிவதில்லை.

சந்திரனை விட்டுப் போகுமுன் இன்னொரு விஷயம். ஹாலிவுட்டில் மேட் ஓவியராகவும் (காட்சிகளின் பின்னணியை வரைபவர்) அதற்கு முன் கட்டடக்கலைத் துறையிலும் வேலை பார்த்த செஸ்லி போன்ஸ்டெல், 1950-இல் வெளிவந்த டெஸ்டினேஷன் மூன் படத்துக்குச் சந்திர நிலப்பரப்பை வரைந்தார். அவருடைய மலைகள் கத்திமுனைபோல் கூராக இருக்கும். எர்ஜேயின் சந்திரனிலும் அப்படித்தான். காற்றும் மழையும் இல்லாத இடத்தில் பாறையை எது தேய்க்கும் என்ற அன்றைய அனுமானம் நியாயமானதே. அப்போலோ படங்கள் வந்தபோது மலைகள் மொழுமொழுவென்று உருண்டு கிடந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த விண்கற்களும் நுண்துகள்களும் அவற்றை மழுக்கியிருந்தன. போன்ஸ்டெலின் மலைகள் தவறு. ஆனால் ஒளி ஒரே பக்கமிருந்து விழுவது, வானம் கரிய நிறமாக இருப்பது, நிழல் இருண்டு கிடப்பது எல்லாம் இயற்பியலின்படியே இருந்ததால் பார்த்தவர்கள் நம்பினார்கள். கான்செப்ட் ஆர்ட்டில் நம்பகம் பெரும்பாலும் ஒளியால்தான் வருகிறது.

ஒளி என்றதும் தோலைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1962-இல் வந்த காமிக்ஸின் முதல் இதழில் ராட்சத நாயகன் ஹல்க் சாம்பல் நிறம். அன்றைய மலிவான வண்ண அச்சில் சாம்பல் நிலையாக வரவில்லை, பக்கத்துக்குப் பக்கம் மாறியது. அடுத்த இதழில் ஹல்க் பச்சையானார். அச்சு இயந்திரம் எடுத்த முடிவு அது. தட்டையான பச்சை காகிதத்தில் அழகாகவே நின்றது. திரையில் கதை வேறு. மனிதத் தோலில் படும் ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதில்லை. ஒரு பகுதி உள்ளே நுழைந்து, சிதறி, சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. இரத்தம் பச்சையையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சிக்கொள்வதால் சிவப்பு மட்டும் உள்ளே தூரமாகப் பரவுகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போது காதுமடல் சிவந்து ஒளிர்வது இதனால்தான். தோலின் மேல் பச்சையை அப்பினால் இந்த உள்ளொளி மறைந்து ரப்பர் பொம்மைபோல் தெரியும்.

இந்தச் சிதறலைக் கணினியில் விரைவாகக் கணக்கிடும் நடைமுறை வழியை ஹென்ரிக் வான் ஜென்சனும் அவர் கூட்டாளிகளும் 2001-இல் வெளியிட்டார்கள். 2004-இல் அதற்கு ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. 2012-இல் தி அவெஞ்சர்ஸ் படத்துக்காக ஹல்க்கை உருவாக்கியவர்கள், நடிகர் மார்க் ரஃபலோவின் முகத்தையும் தோலையும் நுணுக்கமாகப் பதிவு செய்து அதன்மேல் கட்டினார்கள். உதடு, கண்ணோரம், விரல் முட்டி போன்ற இடங்களில் நிறம் சற்று மாறுபடும்போதுதான் பச்சைக்கு அடியில் இரத்தம் ஓடுவதை நாம் உணர்கிறோம்.

கண்கள் இன்னும் கடினம். யுகிடோ கிஷிரோவின் மாங்காவிலிருந்து (ஜப்பானியக் காமிக்ஸ்) எடுத்த அலிட்டா: பேட்டில் ஏஞ்சல் படத்தின் முதல் முன்னோட்டம் 2017 டிசம்பரில் வந்தபோது, கதாநாயகியின் பெரிய கண்கள் பலரைச் சங்கடப்படுத்தின. மாங்கா கட்டத்தில் யாருக்கும் உறுத்தாத கண்கள்தான் அவை. படக்குழு கண்ணைச் சுருக்கவில்லை. கருவிழியைப் பெரிதாக்கி, தெரியும் வெள்ளையைக் குறைத்தார்கள். இது பலனளித்ததற்குக் காரணம் இருப்பதாக நினைக்கிறேன். மனிதக் கண்ணில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி மற்ற குரங்கினங்களோடு ஒப்பிட்டால் மிகவும் அதிகம் என்று கோபயாஷி, கோஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் காட்டினார்கள். யார் எங்கே பார்க்கிறார் என்பதை அந்த வெள்ளையை வைத்தே படிக்கிறோம். கருவிழியைச் சுற்றி வெள்ளை அதிகம் தெரிந்தால் பயம் அல்லது வெறி என்று எடுத்துக்கொள்கிறோம். கோட்டோவியத்தில் இந்தக் கணக்கை மூளை தளர்த்திவிடுகிறது. உண்மையான தோல், உண்மையான ஈரம் என்று வந்ததும் பழைய கண்டிப்பு திரும்பிவிடுகிறது.

அசைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காமிக்ஸில் அயர்ன் மேனின் இரும்பு, தோலைப்போல் தசையோடு ஒட்டி மடங்கும். நிஜத்தில் கெட்டியான உலோகம் முழங்கையில் மடங்காது. அந்தக் காமிக்ஸை வரைந்த ஆடி கிரானோவ், 2008 படத்தின் கவச வடிவமைப்பிலும் வேலை செய்தார். மூட்டுகளில் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும்படி அமைத்ததால்தான் அந்த உருவம் சிதையாமல் நகர்ந்தது. பெரிய உருவங்களுக்கு 1638-இல் கலிலியோ எழுதிய கணக்கு குறுக்கே வரும். மனிதனைப் பத்து மடங்கு உயரமாக்கினால் எடை ஆயிரம் மடங்கு கூடும், காலின் குறுக்குவெட்டு நூறு மடங்குதான் கூடும். யோகோஹாமாவில் 2020 முதல் 2024 வரை நின்ற 18 மீட்டர் உயர நகரும் கன்டம் ரோபோ (ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வருவது) ஏறக்குறைய 25 டன். அது தன் காலில் நிற்கவில்லை, இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு சட்டம் தாங்கியது. திரையில் வரும் ராட்சத உருவம் மெதுவாக அடியெடுத்து வைப்பதும், பாதம் அகலமாக இருப்பதும் இந்தக் கணக்கைக் கண்ணுக்குச் சமாதானமாகச் சொல்லத்தான்.

ஒரு காமிக்ஸைப் படமாக்கும்போது மட்டும்தான் வடிவம் பயணிக்கும் என்றில்லை. மோபியஸ் என்ற பெயரில் வரைந்த பிரெஞ்சு ஓவியர் ழான் ஜிரோ, டான் ஓபேனன் எழுதிய தி லாங் டுமாரோ என்ற காமிக்ஸ் சிறுகதையை வரைந்தார், 1976-இல் வெளியானது. செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கும் நெரிசலான நகரம் அது. 1982-இல் வந்த பிளேட் ரன்னருக்கு அந்த நகரம் உந்துதலாக இருந்ததை இயக்குநர் ரிட்லி ஸ்காட்டே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்துக்கு வாகனங்களை மட்டும் வடிவமைக்க வந்தவர் சிட் மீட். வாகனத்தைத் தனியாக வரையாமல், அது நிற்கும் தெருவையும் மழையையும் பழைய கட்டடத்தின் மேல் ஒட்டிய குழாய்களையும் சேர்த்து வரைந்தார். படத்தின் நகரமே அவர் கைக்கு வந்துவிட்டது.

மோபியஸின் கலைக்கல்லூரி நண்பர் ழான்-குளோட் மெசியேர், வலேரியன் காமிக்ஸை 1967 முதல் வரைந்தவர். இயக்குநர் லூக் பெசானின் தி ஃபிஃப்த் எலிமென்ட் படத்துக்கு இருவருமே வடிவமைத்தார்கள். தொடக்கக் கதையில் நாயகன் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அந்தச் சமயத்தில் மெசியேர் தன் புதிய ஆல்பத்துக்காகப் பறக்கும் டாக்சி ஒன்றை வரைந்திருந்தார். அதைப் பார்த்த பெசான் நாயகனை டாக்சி ஓட்டுநராக்கிவிட்டார். 1997-இல் படம் வந்தபோது, உயரத்திலிருந்து குதிக்கும் நாயகி லீலூ கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுவது அந்த டாக்சிக்குள்தான். அதற்கடுத்த துரத்தல் முழுக்க, கட்டடங்களுக்கு நடுவே மேலும் கீழுமாகப் போகும் போக்குவரத்து அடுக்குகளில் நடக்கிறது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நாயகனை வைத்து அந்தக் காட்சியை எழுதியே இருக்க முடியாது.